றூலொத்தில் ஓர் எட்டுச் செலவு

சிஞ்ஞோரா மரீசாவின் குடும்பத்துக்கு இரண்டு வீடுகள். ஒன்று இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், நாலாம் மாடியில் இருந்தது. மற்றது சக்கரத்தில் நின்றது. செல்வமலர் ஏழு வருடமாக இரண்டையும் கூட்டித் துடைத்து வந்தாள். அவளுக்கென்று ஒரு வீடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

சக்கரத்தில் நின்ற வீட்டை அந்த ஊர்க்காரர் றூலொத் என்பார்கள். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். உள்ளே இரண்டு கட்டில், மடிக்கிற மேசை, எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, அலுமாரி அகலத்தில் ஒரு கக்கூஸ். சிஞ்ஞோராவின் புருஷன் ஓர் இஞ்சினியர். அவர் இத்தனை வருடமாக அதை இழுத்துப்போன தூரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஈசோலா தெல்லெ ஃபெம்மினெ என்ற கடற்கரை ஊரில் கோடை முழுவதும் முகாமிடுவார்கள். செப்டம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இழுத்து, முந்தி எலுமிச்சைத் தோட்டமாக இருந்த ஒரு வளவில் விடுவார்கள். அடுத்த யூனில் அதே ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்ப இழுப்பார்கள். நகரத்துக்குள் கொண்டுவந்தால் நிறுத்த இடமில்லை, நிறுத்தினாலும் காலையில் சக்கரம் மிஞ்சாது.

அந்த வளவில் அப்படி நாற்பது றூலொத்துகள் நின்றன. வருடத்தில் ஒன்பது மாதம் ஆளில்லாத நாற்பது வீடுகள். அதே வருடங்களில் ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்துச் சந்துகளில் எங்கள் ஈழத்துச் சனம் அறைக்கு ஆறுபேராகப் படுத்துக் கிடந்தது. கடவுள் பங்கு பிரிக்கிற விதம் அப்படி.

ஆளில்லாத வீட்டைப் பராமரிப்பது ஆளிருக்கிற வீட்டைப் பராமரிப்பதைவிடக் கரைச்சல். செப்டம்பரில் செல்வமலர் போய்த் தண்ணீர்த் தொட்டியை வடித்துவிடுவாள். மெத்தைகளை நிமிர்த்திச் சுவரோடு சாய்ப்பாள், படுத்தபடி விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்ப்பெட்டிக் கதவு பூட்டுப்படாமல் ஒரு மரத்துண்டை இடையில் செருகுவாள். கடல்காற்றின் ஈரத்தை இழுக்க அலுமாரிக்குள் கல்லுப்பு நிரப்பிய கிண்ணங்களை வைப்பாள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை ரயிலில் போய், கதவு யன்னலெல்லாம் திறந்து காற்றோட்டம் கொடுத்து, உப்பை மாற்றிவிட்டு வருவாள். அதனால் றூலொத்தின் இரண்டு திறப்புகளில் ஒன்று எப்போதும் அவளுடைய கைப்பையில்தான் கிடந்தது.

செல்வமலர் எண்பத்தொன்பதில் இத்தாலிக்கு வந்தவள். அடுத்த வருடம் அரசாங்கம் மனமிரங்கி எல்லோருக்கும் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கொடுத்தபோது அவளுக்கும் கிடைத்தது. புருஷன் மகேந்திரராசா ஊரில், யாழ்ப்பாணத்தில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தார். மணம் முடித்து மூன்று வருடம் ஒன்றாக இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. அவள் முன்னால் வருவது, அவர் பின்னால் வருவது என்றுதான் பேச்சு. முதலில் அவருடைய தாய் படுக்கையில் விழுந்தாள், விட்டுவிட்டு வரமுடியவில்லை. தாய் செத்ததும் சண்டையில் கொழும்புக்குப் போகிற பாதை பூட்டுப்பட்டது. பாதை திறந்தபோது வெளியேற இயக்கத்தின் பாஸ் கிடைக்கவில்லை. பிறகு தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே ஒரே நாளில் எழும்பி நடந்தது, அவரும் அதோடு நடந்து வன்னியில் மல்லாவிக்குப் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் வாற வருசம் வாறன் என்று எழுதினார். யாரைப் பிழை சொல்வது என்று கேட்டால் செல்வமலர் ஒருநாள் அவரைச் சொல்வாள், ஒருநாள் போரைச் சொல்வாள், மற்ற நாட்களில் தன்னைத்தான் சொல்வாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வியா மக்வேதா என்ற கடைத்தெருவுக்குப் பின்புறச் சந்தில் நாகபூசணி அக்கா வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது. அதில் சமையலறைக்குப் பக்கத்து அறை செல்வமலருக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும்.

“அக்கா, நான் றோபேட். மகேந்திரராசா அண்ணையோட லொறி ஓடினவன். வவுனியாவிலயிருந்து கதைக்கிறன்,” என்றது குரல். “அண்ணை புதன்கிழமை மோசம் போயிட்டார். மலேரியா. மல்லாவியில மருந்து இல்லை அக்கா.”

அவள் கழற்றின சப்பாத்தைத் திரும்பக் காலில் கொளுவினாள்.

“எரிச்சுப்போட்டம். தம்பியாற்ற பெடியன்தான் கொள்ளி வைச்சவன். எட்டுச் செய்ய அங்கை ஒருத்தருமில்லை. கிளிநொச்சி விழுந்தபிறகு சனமெல்லாம் திரும்பவும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுது. நீங்கள் இத்தாலியில செய்துபோடுங்கோ அக்கா. சாகேக்கையும் ஆள் வடிவாச் சாப்பிடேல்லை.”

அதோடு தொடர்பு அறுந்தது. செல்வமலரின் மனதில் மற்றதெல்லாம் மங்கி, கடைசி வசனம் மட்டும் நின்றுவிட்டது.

எட்டுச் செலவு என்பது பெரிய சடங்கு இல்லை. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். செத்து எட்டாம் நாள் பொழுதுபடுகிற நேரம், அந்த ஆள் உயிரோடிருந்தபோது விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். மீன், இறைச்சி, குடிக்கிறவர் என்றால் அதுவும். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நேரம் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் அரை வயிற்றோடு எழும்பிப் போய்விடுவார், பிறகு அந்த வாசலுக்கு வரமாட்டார். இதற்கு வேண்டியது ஒரு கதவும், அதைச் சாத்தி வைத்திருக்கிற உரிமையும்தான். செல்வமலரிடம் இல்லாத இரண்டு.

நாகபூசணி அக்கா நல்ல மனுசி. செய்தி கேட்டதும் செல்வமலரைக் கட்டிப்பிடித்து அழுதாள், கோப்பி ஊற்றிக் கொடுத்தாள், முதுகைத் தடவினாள். ஆனால் அவளுடைய மகன் விதுரனுக்குக் கலியாணம் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுருக்கு, அதற்கடுத்த ஞாயிறு தாலி. தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்கிவிட்டால், தாலி ஏறும்வரை அந்த வீட்டைச் சாவு தொடக்கூடாது. செத்த வீட்டுக்குப் போகவும் கூடாது, செத்த வீட்டார் வரவும் கூடாது. செத்தவனின் பெண்சாதி பக்கத்து அறையிலேயே படுத்திருப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“பிள்ளை, நீர் குறை நினையாதையும்,” என்றாள் நாகபூசணி அடுத்தநாட் காலை. “உம்மைப் போகச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.”

“சொல்லிப்போட்டியளே அக்கா.”

“ஒரு கிழமைதான். தாலி கட்டினாப் பிறகு வாரும். ஒரே பெடியன், பிறகு ஏதும் நடந்தால் ஊர் என்னைத்தானே கதைக்கும்.”

“அவற்ற எட்டு வாற புதன்கிழமை. குசினிக்குள்ளையாவது வைச்சுப் படைக்கலாமெண்டு நினைச்சன்.”

“பொன்னுருக்கின வீட்டிலையோ?” என்றாள் நாகபூசணி. அந்த இடத்தில் செல்வமலர் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

தெரிந்த வேறு மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டில் கந்தசஷ்டி விரதம் வருகிறது என்றார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தை. மூன்றாவது வீட்டில் காரணமே சொல்லவில்லை, தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று மட்டும் கேட்டார்கள். எல்லோருக்கும் கவலைதான். கவலைப்பட்டவர்களில் ஒருவரிடமும் மிச்சமாக ஒரு கதவு இருக்கவில்லை.

சிஞ்ஞோராவிடம் சொல்லியிருக்கலாமே என்று இப்போது சொல்வது சுகம். செல்வமலரின் சிநேகிதி புனிதமலர் அப்படித்தான் தாய் செத்ததை வேலை வீட்டில் சொன்னாள். அந்த வீட்டுக்காரி கண்கலங்கி, ஒரு மாதம் ஓய்வெடு மகளே என்று அனுப்பிவைத்தாள். மாதம் முடிந்து போனால் அடுப்படியில் வேறொருத்தி நின்றாள். ஆகவே செல்வமலர் வாய் திறக்கவில்லை. றூலொத்தில் தங்கலாமா என்றும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். கேட்காதவரை சிஞ்ஞோரா வேண்டாம் என்று சொல்லவில்லைத்தானே. இப்படி ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு சனிக்கிழமை பின்னேரம் பெட்டியோடு ரயில் ஏறினாள்.

வளவுக் காவற்காரர் தோன் மிம்மோவுக்கு அவளைத் தெரியும். மாதாந்தக் காற்றோட்டத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையசைத்தார். பெட்டியைக் கண்டதும் சிஞ்ஞோராவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பொய் சொல்லும்போது தன் குரல் இவ்வளவு தெளிவாக வருமென்று அவளுக்கே அதுவரை தெரியாது.

ஒரு மெத்தையை மட்டும் கிடத்தினாள். கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ஏழு வருடத்தில் முதன்முறையாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இல்லாத ஓரிடத்தில் இருந்தாள், ஆகவே வாய்விட்டு, மார்பில் அடித்து, பெயர் சொல்லி அழுதாள். சுற்றியிருந்த முப்பத்தொன்பது வீடுகளிலும் கேட்க ஒரு நாதி இருக்கவில்லை. ஆறுதலுக்கும் ஒருவர் இல்லை, அரியண்டம் என்று சொல்லவும் ஒருவர் இல்லை. அது பெரிய வசதியாக இருந்தது.

திங்களும் செவ்வாயும் விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்தாள். சிஞ்ஞோராவின் வீட்டில் சமைத்தாள், பரிமாறினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முகம் வீங்கியிருக்கிறதே என்று சிஞ்ஞோரா கேட்டபோது பல்லுவலி என்றாள். புதன்கிழமை மத்தியானத்தோடு போய்ப் பல் வைத்தியரிடம் காட்டட்டுமா என்று கேட்டு அரைநாள் லீவும் வாங்கிக்கொண்டாள்.

பிரச்சினை வேறிடத்தில் வந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் றூலொத்தின் படியில் இருந்துகொண்டு, மகேந்திரராசாவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள். ஒன்றும் வரவில்லை. இஞ்சினியருக்குச் சோஸில் உள்ளி கடிபடக் கூடாது. சிஞ்ஞோராவுக்குக் கத்தரிக்காயை உப்பில் ஊறவைத்துப் பொரிக்க வேண்டும். மூத்தவன் மீனின் தோலைத் தள்ளிவிடுவான், சின்னவள் பாணின் நடுப்பகுதியை மட்டும் தின்பாள். அந்த வீட்டு நாலுபேரின் நாக்கும் அவளுக்கு மனப்பாடம். தன் புருஷனுடையது மறந்துபோயிருந்தது. நண்டா, கணவாயா? கறி உறைப்பாகவா, பாலோடா? மூன்று வருடம் அவருக்குச் சமைத்த கைதான். அந்தக் கையை ஏழு வருடம் இன்னொரு வீட்டுக்கு விட்டதில் அதன் ஞாபகமும் போய்விட்டது. இதற்கு அவள் அழவில்லை. தன்மேல் வெறுப்புத்தான் வந்தது.

கடைசியில் கடிதக்கட்டை அவிழ்த்தாள். எனக்கு இது விருப்பம் என்று மகேந்திரராசா ஒரு கடிதத்திலாவது எழுதியிருப்பார் என்று தேடினாள். அவர் எழுதியிருந்ததெல்லாம் கிடைக்காத சாமான்களைப் பற்றித்தான். சீனி இல்லை, வெறுந்தேத்தண்ணி குடிக்கிறம். சவுக்காரம் இல்லை, பனங்காயால தோய்க்கிறம். சவர அலகு இல்லாமல் தாடி வளர்த்திட்டன், கண்டால் நீர் பயப்பிடுவீர். பாண் கண்டு மூண்டு மாதம். சேட்டு இரண்டுதான் மிச்சம். பனடோல் கிடைச்சால் பொன் கிடைச்ச மாதிரி.

சரி, அதையே படைப்பது என்று முடிவு செய்தாள். விரும்பியது தெரியாவிட்டால் கிடைக்காததைக் கொடுப்போம்.

புதன்கிழமை மத்தியானம் வியா மக்வேதாவில் கடை கடையாக ஏறினாள். வெள்ளையில் நீலக் கோடு போட்ட சேட் ஒன்று, சவர அலகு, வாசச் சவுக்காரம், ஒரு பெட்டி சிகரெட், சிறிய போத்தல் சிவப்பு வைன், சீனி, பாண், காய்ச்சல் குளிசை. மீன் சந்தையில் நண்டும் வாங்கினாள், எதற்கும் இருக்கட்டும் என்று. றூலொத்துக்கு வந்து எரிவாயுச் சிலிண்டரைக் கொளுவி, பின்பக்க யன்னலைத் திறந்துவிட்டுச் சமைத்தாள். மடிக்கிற மேசையை விரித்து, தன் வெள்ளைச் சேலையை அதன்மேல் போட்டாள். சுவரோடு மகேந்திரராசாவின் படம். அதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். சோறு, நண்டுக்கறி, பாண், நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, வைன். பக்கத்தில் சேட்டை மடித்து, அதன்மேல் சவர அலகும் சவுக்காரமும் சிகரெட்டும் குளிசையும்.

“வந்து சாப்பிடுங்கோ,” என்றாள் படத்தைப் பார்த்து. “ஒருத்தரும் வரமாட்டினம். ஆறுதலாச் சாப்பிடுங்கோ.”

வெளியே வந்து கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் இருந்தாள். பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடலாம். இன்னும் அரைமணித்தியாலம் இருந்தால் போதும் என்று கணக்கிட்டாள்.

கால்மணித்தியாலத்தில் வளவு வாசலில் இஞ்சினியரின் கார் திரும்பியது.

நவம்பர் இரண்டாந் திகதி பலெர்மோவில் செத்தவர்களின் நாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பரிசு. வீட்டில் செத்துப்போன தாத்தாவும் பாட்டியும் இரவில் வந்து விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று சொல்லி வளர்ப்பார்கள். அதைப் பிள்ளைகள் முன்கூட்டியே கண்டுவிடாமல் ஒளிப்பது தாய்தகப்பன் பாடு. சிஞ்ஞோராவின் பிள்ளைகள் அலுமாரி அலுமாரியாகத் துழாவுகிற வயது. ஆகவே அந்த வருடம் பரிசுகளை றூலொத்தில் ஒளித்துவைக்கலாம் என்று சிஞ்ஞோராவுக்கு ஒரு நல்ல யோசனை வந்திருந்தது.

இரண்டு கையிலும் பொதிகளோடு வந்தவள் படியில் செல்வமலரைக் கண்டு நின்றாள்.

“செல்வா? உனக்குப் பல்லுவலி அல்லவா?”

செல்வமலர் எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள். “சிஞ்ஞோரா, கொஞ்சம் பொறுங்கள். இப்போது திறக்க வேண்டாம்.”

“ஏன்? உள்ளே யார்?”

பொய் சொல்வதென்றால் அந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். காவற்காரருக்கு அவ்வளவு அழகாகப் பொய் சொன்னவளுக்கு, முதுகுக்குப் பின்னால் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொய் வரவில்லை.

“என் கணவர்,” என்றாள் தனக்குத் தெரிந்த இத்தாலியனில். “சாப்பிடுகிறார்.”

சிஞ்ஞோரா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். செல்வமலரின் கணவர் இலங்கையில் இருக்கிறார் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். ஆளைக் களவாகக் கடல்வழியாக இறக்கி, தங்களுடைய றூலொத்தில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்கள் இடத்தில் யாருக்கும் அப்படித்தான் விளங்கும். இஞ்சினியரின் முகத்தில் கறாபினியேரிப் பொலிஸ், நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் வரிசையாக வந்து போயின. அவர் செல்வமலரின் தோளைப் பிடித்து, முரட்டுத்தனமில்லாமல்தான், ஒரு பக்கம் விலக்கினார். சிஞ்ஞோரா கதவைத் திறந்தாள்.

“வேண்டாம்,” என்றாள் செல்வமலர் தமிழில். “ஐயோ, இன்னும் சாப்பிட்டு முடியேல்லை.”

உள்ளே ஒருவருக்குச் சோறு போட்டிருந்தது. தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறந்தது. புதுச் சேட், சவர அலகு, சிகரெட். பின்பக்க யன்னல் திறந்து கிடந்தது.

“யன்னலால் பாய்ந்துவிட்டான்,” என்றார் இஞ்சினியர். கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். வெளியே போய் வண்டியைச் சுற்றி வந்தார், பக்கத்து வண்டிகளின் அடியிலும் பார்த்தார். மகேந்திரராசா உயிரோடு இருந்த காலத்தில் இத்தாலிக்காரர் ஒருவர் இவ்வளவு அக்கறையாக அவரைத் தேடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

“அவனை எங்கே அனுப்பினாய்?” என்று கேட்டாள் சிஞ்ஞோரா. “எத்தனை நாளாக இங்கே இருக்கிறான்?”

“செத்துப்போனார் சிஞ்ஞோரா. இன்றைக்கு எட்டு நாள்.”

“பொய் சொல்லாதே. நேற்று நீ என் வீட்டில் சிரித்துக்கொண்டு நின்றாய்.”

அப்போதுதான் சிஞ்ஞோராவின் கண் படத்தில் நின்றது. படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு. அவளுடைய வீட்டிலும் தாயின் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எந்நேரமும் எரியும், அதில் தூசு துடைப்பவள் செல்வமலர்தான். விளங்குவதற்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் வைத்தாள். இனி ஒரு நல்ல வார்த்தை வருமென்று செல்வமலர் நினைத்தாள். செத்தவர்களை மறக்காத ஊர்க்காரி அல்லவா.

“இங்கேயா?” என்றாள் சிஞ்ஞோரா. “என் பிள்ளைகள் சாப்பிடுகிற மேசைக்கா ஒரு பிணத்தைக் கூப்பிட்டாய்? அவர்கள் படுக்கிற இடத்துக்கா? வெளியே எடு. அவனை வெளியே எடு.”

செத்தவரை வரவழைக்கச் செல்வமலருக்குத் தெரியும். சாப்பிட்டு முடிந்ததும் அனுப்பவும் தெரியும். சாப்பாட்டின் நடுவில் எழுப்பிக் கலைப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இல்லை. ஆகவே அவள் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். விளக்கை அணைத்தாள். சோற்றையும் கறியையும் ஒரு பொலித்தீன் பையில் கொட்டினாள். கோப்பைகளைக் கழுவித் துடைத்தாள், மேசையைக் காரத்தண்ணீரால் இரண்டுதரம் துடைத்தாள், மெத்தையை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தாள், குளிர்ப்பெட்டிக் கதவில் மரத்துண்டைச் செருகினாள், உப்புக் கிண்ணங்களை அந்தந்த இடத்தில் வைத்தாள். சிஞ்ஞோரா வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள். வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வளவு வாசலில் மூன்று றோட்டுகள் சந்திக்கிற இடத்தில் பையை அவிழ்த்துச் சோற்றை ஒரு கல்லின்மேல் வைத்தாள். அவள் நிமிர்வதற்குள் தோன் மிம்மோவின் நாய் வந்து வாய் வைத்துவிட்டது. அவளுக்கு அதை அடித்துக் கலைக்கத் தோன்றவில்லை. யாராவது ஒருவர் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள்.

இனி அவளை நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் பிழை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இதில் உள்ள கசப்பு. இஞ்சினியர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிஞ்ஞோரா கறி மணத்துக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டாள், பிறகு குளிருக்கு ஏற்றினாள், பிறகு அழுதாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இரண்டுமுறை கேட்டாள். நாகபூசணி வீட்டுக் கதையைக் கேட்டதும், நாங்கள் மிருகங்கள் இல்லை, ஞாயிறுவரை சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் படு என்றாள். துக்கத்துக்கு உடுத்த என்று தன்னுடைய பழைய கறுப்புக் கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள். எங்கள் பக்கம் புருஷன் செத்தவள் வெள்ளை உடுத்துவாள் என்பதைச் செல்வமலர் சொல்லவில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டாள். றூலொத்தின் திறப்பை மட்டும் சிஞ்ஞோரா திருப்பிக் கேட்டாள். அடுத்த கோடைக்கு முன்னால் ஒரு பாதிரியாரைக் கூட்டிப்போய்த் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்று புருஷனிடம் சொல்வதும் செல்வமலருக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை எல்லாப் புனிதர்களின் திருநாள். பகல் முழுவதும் விருந்தாளிகள். பொழுதுபட எல்லோரும் போன பிறகு, பிள்ளைகளை நேரத்தோடு படுக்கைக்கு அனுப்பிவிட்டுச் சிஞ்ஞோரா செல்வமலரைச் சாப்பாட்டறைக்குக் கூப்பிட்டாள். நல்ல விரிப்பை எடுத்துப் போடச் சொன்னாள். சிஞ்ஞோராவின் தகப்பனுக்கும் தாய்க்கும் சின்னம்மாவுக்குமாக மூன்று கோப்பைகள். எள்ளுப் பாண், வைன், பாதாம் மாவில் செய்து நிறம் தீட்டிய பழங்கள், அப்பாவுக்குப் பிடித்த உப்பு மீன், அம்மாவுக்குச் சீனி குறைத்த கோப்பி. யாருக்கு எது பிடிக்கும் என்பது சிஞ்ஞோராவுக்கு ஒன்றும் மறக்கவில்லை, அவள் சொல்லச் சொல்லச் செல்வமலர் வைத்தாள்.

நாலாவதாக ஒரு கோப்பை வைத்தால் என்ன என்று ஒரு கணம் செல்வமலருக்குத் தோன்றியது. ஓரத்தில், பார்வைக்குப் படாமல். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள். மகேந்திரராசா உயிரோடிருந்த காலத்திலேயே அழைக்காத வீட்டில் கை நனைக்காத மனுசன். ஒருமுறை பந்தியிலிருந்து எழுப்பிக் கலைத்தவர்களின் வீட்டுக்கு, பாஷை தெரியாத மூன்று கிழங்களோடு இருந்து சாப்பிட அவர் வரப்போவதில்லை. மல்லாவியிலும் சாப்பிடவில்லை, இங்கேயும் சாப்பிடவில்லை. அவருடைய எட்டு அப்படியே போய்விட்டது, ஒன்பதாம் நாள் எட்டு என்று ஒன்று இல்லை.

சிஞ்ஞோரா விளக்கைத் தணித்தாள். இருவரும் வெளியே வந்தார்கள்.

“கதவைச் சாத்து செல்வா,” என்றாள் சிஞ்ஞோரா தாழ்ந்த குரலில். “விடியும்வரை ஒருவரும் திறக்கக் கூடாது. பாவம், நிம்மதியாகச் சாப்பிடட்டும்.”

செல்வமலர் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். தான் சொன்னது சிஞ்ஞோராவுக்குத் தன் காதிலேயே விழுந்ததாகத் தெரியவில்லை. செல்வமலர் சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். விடியும்வரை அதை ஒருவரும் திறக்கவில்லை.